ஐந்து மாதத்தில் யாரும் மீண்டுவிடுவதில்லை: தம்பியை இழந்த ஓர் அக்காவுக்குப் பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான். 24 வயதுத் தம்பி பைக் விபத்தில் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அவன் கடைசியாகக் கழற்றிப் போட்ட சட்டையை அம்மா துவைக்க விடுவதில்லை. அப்பா வேலைக்குப் போய் வருகிறார், ஆனால் வீட்டில் வாயே திறப்பதில்லை. வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் "நீதாம்மா தைரியமா இருந்து அவங்களைத் தேத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இதிலிருந்து மீள முடியுமா, நம்பிக்கை என்ற ஒன்று மறுபடி வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரும். அதை விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஓர் அவசர விஷயம்.

விபத்து இழப்பீட்டு மனு போட்டுவிட்டீர்களா? மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் கொண்டுவந்த திருத்தப்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இந்தக் காலக்கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போயிருக்கிறது. ஆனால் அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள், இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், அதனால் அம்மாவை அழைத்துக்கொண்டு போகலாம். இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டால், அதற்கென்று உள்ள அரசுத் திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. பைக் தம்பி பேரில் இருந்து, அவரிடம் ஓட்டுநர் உரிமமும் இருந்திருந்தால், வண்டியின் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு அதில் இருக்கலாம். பி.எஃப். பிடித்த வேலையில் இருந்திருந்தால் அதோடு சேர்ந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை வரும்.

"பிள்ளையை வித்த காசு நமக்கு எதுக்கு" என்று அம்மாவோ அப்பாவோ சொல்லலாம். பல பெற்றோர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை வாதாடி வெல்ல வேண்டாம். மனுவை மட்டும் போட்டுவிடுங்கள். பணம் வரும்போது அதை என்ன செய்வது என்று அவர்கள் அப்புறம் முடிவு செய்யட்டும்.

துக்கத்தைப் பற்றிக் கேட்டவரிடம் பணத்தைப் பற்றிப் பேசுகிறேனே என்று தோன்றலாம். நான் துக்கத்தில் இருக்கும் குடும்பங்களோடு வேலை செய்கிறவன். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில்தான் இந்த வேலைக்கு வந்தேன். அங்கிருந்து இன்றுவரை நான் பார்த்தது ஒன்றுதான். மீண்டு எழுந்தவர்கள் எல்லாம் பிறவியிலேயே கல் மனசுக்காரர்கள் இல்லை. அவர்களைச் சுற்றி சில விஷயங்கள் நின்றன: கூட இருக்க ஆட்கள், கைக்கு ஒரு வேலை, கடன்காரன் வாசலில் வந்து நிற்காத நிலைமை, அழுவதற்கு ஓர் இடம். இவை இருந்த இடத்தில் சாதாரண மனிதர்கள் எழுந்தார்கள். இல்லாத இடத்தில் தைரியசாலிகளும் விழுந்தார்கள். அதனால்தான் "தைரியமா இரு" என்று சொல்லிவிட்டுப் போவதில் எனக்குக் கோபம் உண்டு. துணையாக நிற்க வேண்டியவர்கள் அந்தச் சொல்லை விட்டுவிட்டு நழுவுகிறார்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. தமிழ்நாட்டில் சுமார் எட்டாயிரம் பேர் செத்துப்போனார்கள். அதில் ஆறாயிரத்துக்கு மேல் நாகை மாவட்டத்தில் மட்டும். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி என்று ஊர் ஊராகப் பிள்ளைகளும் பெண்களும் போனார்கள். முதல் சில வாரங்கள் ஆலோசனை சொல்லும் குழுக்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரே அம்மாவிடம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து "அன்னைக்கு என்னம்மா நடந்தது" என்று கேட்டார்கள். அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லி முடித்ததும் வந்தவர்கள் வண்டி ஏறிப் போய்விட்டார்கள். பேரிழப்பு நடந்த கையோடு ஒருவரை உட்கார வைத்து நடந்ததையெல்லாம் கொட்டச் சொல்வதால் பின்னால் வரும் மன பாதிப்பு குறைவதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் அப்படிச் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது. உங்கள் வீட்டுக்கும் இது பொருந்தும். துக்கம் விசாரிக்க வருகிறவர் "எந்த இடத்துல அடி, உடனே உயிர் போயிடுச்சா" என்று அம்மாவிடம் கேட்டால் நடுவில் புகுந்து பேச்சை மாற்றுங்கள். அம்மாவாகச் சொன்னால் கேட்கலாம். தோண்டக் கூடாது.

உதவியது வேறு. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்பில் வேலை செய்யும் ஸ்நேகா அமைப்பின் அனுபவம் ஒன்று உண்டு. சுனாமியில் உறவை இழந்தவர்களிடம் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களை அனுப்பினார்கள். அவர்கள் டாக்டர்கள் இல்லை. தொடர்ந்து போய் உட்கார்ந்து, சொல்வதைக் கேட்டு, கூட இருந்தார்கள். அதை மதிப்பிட்டு டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் டாக்டர் சுரேஷ்குமாரும் 2008-இல் எழுதினார்கள். அப்படி ஆள் போய்வந்தவர்களிடம் மனச்சோர்வு, போகாத இடத்தில் இருந்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தாலே பலன் உண்டு என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். ஒரு முறை வந்து உபதேசம் செய்யாமல் மறுபடி மறுபடி வர வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் அங்கே பார்த்தேன். மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்து வலுவாக இருந்தது. தார் ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்பில் வெயில் கொளுத்தியது, ஆனால் ஊர் சிதறாமல் ஒன்றாக இருந்தது. அடுத்த கதவைத் தட்டினால் அதே இழப்புள்ள இன்னொருவர். அங்கே யாரும் யாரையும் "மறந்துடு" என்று சொல்லவில்லை. உங்கள் அம்மாவுக்கு ஊரே சேர்ந்து ஒரே நாளில் இழந்த துணை இல்லை. விபத்தில் ஒரு பிள்ளையை இழந்த வீட்டின் தனிமை வேறு மாதிரி. தெருவில் எல்லோர் வீட்டுப் பையனும் வேலைக்குப் போய் வருவான், கல்யாணப் பத்திரிகை நீட்டுவான். அதனால் இதே போல இழந்த இன்னொரு அம்மா உங்கள் சுற்றத்தில் இருந்தால், அவரைத் தேடிப் போய் ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். இரண்டு பேரையும் தனியே விட்டுவிட்டு நீங்கள் கடைக்குப் போய்விடுங்கள்.

துக்கத்துக்கு ஐந்து கட்டம் உண்டு, மறுப்பு, கோபம் என்று வரிசையாகக் கடந்து கடைசியில் ஏற்றுக்கொள்வார்கள் என்று படித்திருப்பீர்கள். எலிசபெத் குப்ளர் ராஸ் 1969-இல் அதை எழுதியது சாகப்போகும் நோயாளிகளோடு பேசி. பிரிந்தவர்களை நினைத்து அழுகிறவர்களை வைத்து அவர் அதைத் தொடங்கவில்லை. உங்கள் வீட்டில் காலையில் கோபம், மத்தியானம் சிரிப்பு, ராத்திரி மறுபடி முதல் நாள் மாதிரி அழுகை என்று இருந்தால் எதுவும் தப்பாகப் போகவில்லை.

எனக்கு அதிகம் பயன்பட்டது நெதர்லாந்தில் ஆய்வு செய்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் இருவரும் 1999-இல் சொன்ன விளக்கம். துக்கத்தில் இருப்பவர் இரண்டு வேலைகளுக்கு நடுவே போய்ப் போய் வருகிறார். ஒன்று, இழந்தவரை நினைத்து உருகுவது. மற்றது, அவர் இல்லாத வாழ்க்கைக்கு வேண்டியதைச் செய்வது: கரண்டு பில் கட்டுவது, சமைப்பது, புதிதாக ஒரு பொறுப்பைக் கற்றுக்கொள்வது. இரண்டும் வேண்டும், ஒன்றிலேயே தங்கிவிட்டால்தான் சிக்கல். இப்படிப் பார்த்தால் உங்கள் வீட்டின் கதை வேறு மாதிரி தெரியும். அம்மா முதல் பக்கத்தில் இருக்கிறார், அப்பா இரண்டாவது பக்கத்தில் இருக்கிறார். "இவருக்குப் பிள்ளை செத்த துக்கமே இல்ல" என்று அம்மா நினைக்கலாம். "இவ அழுதுகிட்டே இருந்தா வீடு எப்படி ஓடும்" என்று அப்பா நினைக்கலாம். இருவருக்கும் ஒரே துக்கம்தான்.

அப்பாவை உட்கார வைத்து "மனசு விட்டுப் பேசுங்க" என்று சொல்லாதீர்கள். நம் வீட்டு ஆண்கள் பலர் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார்கள், கை வேலையில் இருக்கும்போது பேசுவார்கள். வண்டியைக் கழுவும்போது, கடைக்கு நடக்கும்போது, தம்பியின் வங்கிக் கணக்கு வேலைக்கு ஒன்றாகப் போகும்போது, தம்பி பெயரைச் சாதாரணமாகப் பேச்சில் கொண்டுவாருங்கள். "அவனுக்கு இந்தக் கடை புரோட்டாதான் பிடிக்கும், இல்லப்பா?" அவ்வளவு போதும். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள், குடி. நாகையில் நிவாரணப் பணம் கையில், கடலுக்குப் போக முடியாத நாட்கள், குடி கூடிப்போன வீடுகள் பல. புதிதாகக் குடிக்கத் தொடங்கினாலோ முன்பைவிட அதிகமானாலோ அதை "துக்கத்துல இருக்காரு" என்று விட்டுவிட வேண்டாம்.

இனி அந்தச் சட்டை. அது இருக்கட்டும். யாரும் துவைக்க வேண்டாம், ஒளித்து வைக்கவும் வேண்டாம். இறந்தவரோடு உள்ள உறவை அறுத்தால்தான் மீள முடியும் என்று மேலை நாட்டு உளவியல் நீண்ட காலம் நம்பியது. 1996 வாக்கில் அந்த எண்ணம் மாறத் தொடங்கியது. உறவு தொடர்கிறது, அதன் வடிவம்தான் மாறுகிறது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். நம் பாட்டிமார்களுக்கு இது புதிதில்லை. ஒப்பாரியில் செத்தவரைப் பார்த்துத்தான் பாடுகிறோம், அவரிடமே கேள்வி கேட்கிறோம், கோபித்துக்கொள்கிறோம். கருமாதி, மாசாமாசம் படையல், வருஷத் திதி என்று வைத்திருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் எட்டுச்செலவும் 31-ஆம் நாள் அந்தியேட்டியும் உண்டு. முஸ்லிம் வீடுகள் பலவற்றில் நாற்பதாம் நாள் ஓதுவார்கள். இந்த நாட்களில் ஆட்கள் வந்தே ஆக வேண்டும், சாப்பாடு ஆக வேண்டும், பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். இதெல்லாம் இறந்தவருக்காக என்று சொல்லப்பட்டாலும், இருப்பவர்களுக்கு இது செய்யும் உதவி பெரிது. நம் வழக்கத்தில் எல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. கணவனை இழந்த பெண்ணை நல்ல காரியத்தில் ஒதுக்கி வைப்பது கொடுமை, அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. பிள்ளையை இழந்த தாயை வளைகாப்புக்கு அழைக்கத் தயங்குவதும் அந்த வகைதான். உங்கள் அம்மாவுக்கு அப்படி நடந்தால் நீங்கள் அவர் பக்கம் நில்லுங்கள்.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் அந்தப் பள்ளி முன்பு கூடி, பிள்ளைகளின் படங்களுக்கு முன் மலர் வைத்து விளக்கேற்றுகிறார்கள். வழக்கில் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வர 2014 ஜூலை ஆயிற்று, பத்து வருஷம். அதுவரை அலைந்தது சுமைதான். ஆனால் அந்தப் பெற்றோரைப் பார்த்து "இன்னும் மறக்கலையா" என்று கேட்பவருக்கு ஒன்று புரியவில்லை. பிள்ளைக்காகச் செய்ய இன்னும் ஒரு வேலை இருக்கிறது என்பதே சிலரை நிமிர்த்தி வைக்கிறது.

நாகையில் பரமேஸ்வரன், சூடாமணி தம்பதியின் கதையைக் கேள்விப்பட்டிருக்கலாம். சுனாமியில் மூன்று பிள்ளைகளையும் இழந்தார்கள். சாகலாமா என்று யோசித்தவர்கள், ஆதரவில்லாமல் நின்ற குழந்தைகளைச் சில வாரங்களில் தங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அந்த வீட்டுக்கு வைத்த பெயர் நம்பிக்கை. அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதே காரணத்தால் சொல்கிறேன், இந்தக் கதையை உங்கள் அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம். "அவங்க மூணு பேரை இழந்தும் எழுந்தாங்க, உனக்கென்ன" என்பது போலத்தான் அது காதில் விழும். அவர்கள் உபதேசம் கேட்டு எழவில்லை. கண் முன்னால் பசியோடு ஒரு குழந்தை நின்றது, கை தானாக நீண்டது. நம்பிக்கை பெரும்பாலும் அப்படித்தான் வந்து பார்த்திருக்கிறேன். யாருக்காவது நாம் தேவைப்படுகிறோம் என்று உடம்புக்குத் தெரியும்போது அது நுழைகிறது. உங்கள் அம்மாவுக்கு அது இன்னும் பல மாதம் கழித்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தலை வாரிவிடுவதில் தொடங்கலாம். ஒரு பூனைக்குச் சோறு வைப்பதில் தொடங்கலாம். தொடங்கும்போது பார்த்தும் பார்க்காதது போல இருங்கள். "அம்மா இப்ப நல்லா ஆயிட்டாங்க" என்று மாமாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டாம், அன்று ராத்திரியே அவர் மறுபடி உடைவார்.

இதுவரை உங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நீங்களும் கேள்வியில் அம்மா, அப்பா என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். உடன்பிறந்தவரை இழந்தவர்களுக்கு இது எப்போதும் நடக்கிறது. எல்லோரும் பெற்றோரைத்தான் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், அக்காவைப் பார்த்துப் பொறுப்பைச் சொல்கிறார்கள். சின்ன வயசிலிருந்து உங்களோடு சண்டை போட்ட, உங்கள் வீட்டைப் பற்றி வேறு யாருக்கும் தெரியாத விஷயமெல்லாம் தெரிந்த ஒரே ஆள் போய்விட்டான். வயசான பிறகு அம்மா அப்பாவைச் சேர்ந்து பார்த்துக்கொள்ள இருந்தவன் போய்விட்டான். இது உங்கள் இழப்பு. பெற்றோர் இழப்பின் வால் இல்லை. அவர்கள் முன்னால் அழக் கூடாது என்று நீங்கள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தால், அதை நிறுத்துங்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழலாம். அவருக்கும் அது துணைதான். வாரத்தில் ஒரு மாலையாவது வீட்டைவிட்டு வெளியே, தம்பியைத் தெரிந்த ஒரு நண்பரோடு இருங்கள்.

அப்படி இருக்கும்போது சிரிப்பு வந்தால் சிரியுங்கள். ஜார்ஜ் பொனானோ என்ற அமெரிக்க உளவியலாளர் துணையை இழந்த வயதானவர்களைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்ததில், ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பெரிய மனச்சோர்வே வரவில்லை. அவர்கள் அன்பில்லாதவர்கள் இல்லை, துக்கத்தை அமுக்கி வைத்து அப்புறம் வெடித்தவர்களும் இல்லை. 24 வயதில் சாலையில் போன உயிரை அதோடு ஒப்பிட முடியாது, திடீர்ச் சாவு மிகவும் கடினமானது. ஆனாலும் சிரித்தால் தம்பிக்குத் துரோகம் என்ற எண்ணத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை.

"அன்னைக்கு அவனைப் போகாதேன்னு சொல்லியிருந்தா" என்ற யோசனை மூன்று பேருக்கும் இருக்கும், மூன்று பேரும் வெளியே சொல்ல மாட்டீர்கள். அம்மா ஹெல்மெட்டை நினைவுபடுத்தாததை நினைப்பார். அப்பா வண்டி வாங்கிக் கொடுத்ததை நினைப்பார். "உன்மேல தப்பே இல்ல" என்று ஒரே வரியில் அடைத்துவிட்டால் அந்த யோசனை உள்ளேயே சுற்றும். முழுசாகச் சொல்லவிடுங்கள். சொல்லி முடித்ததும், "அன்னைக்குக் காலைல உனக்கு என்னம்மா தெரிஞ்சிருந்தது? எப்பவும் போற மாதிரிதானே போனான்?" என்று மெதுவாகக் கேட்கலாம். பின்னால் தெரிந்ததை வைத்து முன்னால் செய்ததற்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்கே மெல்லத் தெரியும். ஒரு தடவையில் தெரியாது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? நீடித்த துக்கம் என்பதை இப்போது ஒரு நோயாகவே மருத்துவம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் குறைந்தது ஆறு மாதம், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2022 வரையறையில் பெரியவர்களுக்கு ஒரு வருஷம். உறவை இழந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகலாம். விபத்து போன்ற திடீர்ச் சாவில் அது இன்னும் அதிகம். அழுகையை வைத்து இதை அளக்க முடியாது. நாள் முழுக்க ஏக்கம் ஒரு துளியும் குறையாமல் இருப்பது, தம்பி படம் இருக்கும் அறைக்குள்ளேயே போக முடியாமல் இருப்பது, அவன் இல்லாமல் நான் என்று ஒருத்தி இல்லவே இல்லை என்று தோன்றுவது, சாப்பாடும் தூக்கமும் திரும்பாமல் இருப்பது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இதற்கென்றே அமைந்த பேச்சு சிகிச்சை இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் கேத்தரின் ஷியர் உருவாக்கியது 16 அமர்வுகள் கொண்டது. மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுப்பதைவிட அது இந்தத் துக்கத்துக்கு நன்றாக வேலை செய்தது. நம் ஊரில் அதே பெயரில் கிடைக்காவிட்டாலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அம்மாவை "மனநல டாக்டர்" என்று சொன்னால் வர மாட்டார். "தூக்கம் வரலைன்னு காட்டிட்டு வருவோம்" என்று அழைத்துப் போங்கள். அது பொய்யும் இல்லை.

"நானும் அவன்கிட்டயே போயிடறேன்" என்று அம்மா சொல்வது பெரும்பாலும் வலியின் பேச்சுதான். அப்படி விட்டுவிடாமல் நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாம்மா? எப்படின்னு யோசிச்சியா?" கேட்பதால் எண்ணம் வராது. எப்படி என்று ஒரு வழி மனதில் வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் அன்று அவரைத் தனியே விடக் கூடாது. வீட்டிலுள்ள மாத்திரை, பூச்சிமருந்தை அப்புறப்படுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்களுக்கோ அப்பாவுக்கோ அப்படித் தோன்றினாலும் இதேதான். அரசின் டெலி மனாஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் உண்டு. ஸ்நேகாவின் எண் 044-24640050.

முதல் வருஷத்தில் சில நாட்கள் மோசமாக இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அவன் பிறந்தநாள், அவன் இல்லாத முதல் தீபாவளி, பொங்கல், வருஷத் திதி. அந்த நாள் நெருங்கும் முந்தைய வாரம்தான் பல வீடுகளில் கடினம். யாரும் பேசாமல் அதைக் கடக்கப் பார்த்தால் மூன்று பேரும் மூன்று அறையில் தனித்தனியாக இருப்பீர்கள். அதனால் பத்து நாள் முன்பே உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்: யாரை அழைப்பது, அவனுக்குப் பிடித்த எதைச் சமைத்துப் படைப்பது, அவன் நண்பர்களைக் கூப்பிடலாமா, மாலையில் எங்கே போவது. நண்பர்களைக் கூப்பிடுங்கள் என்பது என் கருத்து. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியாத தம்பியின் கதைகள் அவர்களிடம்தான் இருக்கும்.